கிணற்றுக்குள் ஒரு சுவர்

1

போன திங்கட்கிழமையோடு நான் இந்த அமெரிக்க ஊரில் வாத்தியார் வேலைக்கு வந்து பத்து வருஷம் முடிந்தது. தண்ணீரின் ஓட்டத்தைப் படிக்கிற எங்கள் துறையில் கேக் வெட்டினார்கள். எங்கள் துறைத் தலைவர் நெட்டையான மனுஷர். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று தண்ணீருக்கே தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரிந்துவிடும்" என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம். அவருக்கு என்ன தெரியும்!

அன்றைக்கு மத்தியானம் வகுப்பு. எங்கள் படிப்பில் ஆரம்பப் பாடம் அது. ஒரு சுவர். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் காலி. தண்ணீர் அந்தச் சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளும்? தண்ணீரின் ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நாலு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கிற வலு எட்டு மடங்காகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கரும்பலகையில் சுவரை வரைந்தேன், தண்ணீரை வரைந்தேன். மறு பக்கத்துக் காலி இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சாக்பீஸ் ஒடிந்து கீழே விழுந்தது.

முன் வரிசையில் ஒரு பையன், காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டிருந்தான். இங்கே அப்படித்தான் உட்காருவார்கள். முதல் வருஷம் அதைப் பார்த்து, பாவம் இவனுக்குக் கால் சுளுக்கு போலிருக்கிறது என்று நினைத்தவன் நான். அவன் கேட்டான்: "புரொபசர், இப்படி ஒரு சுவர் விழுந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருக்கிறேன் என்றேன். எங்கே என்றான். ஒரு கிணற்றுக்குள்ளே என்றேன். "கிணற்றுக்குள் எதற்குச் சுவர்?" என்று கேட்டான். அடக் கடவுளே, அதற்கு இங்கிலீஷில் நான் என்ன பதில் சொல்வேன்! வகுப்பை முன்னதாகவே முடித்துக்கொண்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையனுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்லலாம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2

நான் குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரன். மழை பெய்தால் கடலை, சோளம். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கிணறு வைத்திருப்பவன் மட்டும் வெங்காயம், மிளகாய் என்று ஏதாவது கண்ணில் பார்ப்பான். எங்களுக்குக் கிணறு இருந்தது, பாறையை உடைத்து வெட்டிய சதுரக் கிணறு. பெரியண்ணன் வேலுச்சாமி, சின்னண்ணன் ராமசாமி, கடைசி நான். மதராஸில் எஞ்சினீயரிங் முடித்து, உபகாரச் சம்பளம் கிடைத்து, பம்பாயில் கப்பலேறும் முன்னால் என் பங்கை இரண்டு அண்ணன்மாருக்கும் சரிபாதியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிணற்றில் எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பாத்தியதை கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் பங்குக்காக வாயைத் திறந்தேன் என்று பேச வேண்டாம்.

இங்கே நான் செய்கிற வேலை என்னவென்றால், தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரிய கட்டடம், அதற்குள்ளே கண்ணாடிப் பக்கம் வைத்த நீளமான வாய்க்கால். தண்ணீர் ஓடும். அதில் சாயத்தைச் சொட்டி, அது தூணைச் சுற்றி எப்படிப் போகிறது, கதவுக்கு அடியில் எப்படிப் பீறிடுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவோம். அணை கட்டுகிறவர்கள் கட்டும் முன்னால் எங்களிடம் வந்து சின்ன மாதிரி செய்து பார்த்துக்கொள்வார்கள். படிக்க வந்த முதல் வாரம் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அம்புட்டுத் தண்ணீர்! யாரும் குடிக்கவில்லை, ஒரு பயிர் நனையவில்லை, சும்மா ஓடுகிறது! யாரும் பார்க்காத நேரமாகப் போய்ப் போய் வால்வை மூடினேன். என் பேராசிரியர் பிடித்துவிட்டார். ஏன் மூடுகிறாய் என்றார். வீணாகிறதே என்றேன். அவர் சிரித்த சிரிப்பு அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது. கீழே தொட்டியில் விழுந்து அதே தண்ணீர்தான் திரும்ப வருகிறது என்று காட்டினார்.

இன்னொரு அதிர்ச்சி, வாத்தியாரைப் பார்த்து "நீங்கள் போட்டது தப்பு" என்று பையன்கள் சொல்வது. முதல் தடவை எனக்கு முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. கணக்கை மறுபடி பார்த்தால் தப்புத்தான். இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்ன இடத்தில் தண்ணீர் சுழிக்கும், இன்ன நேரத்தில் இந்தத் தகடு வளையும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அது அப்படியே நடந்துவிட்டால் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். வேலை உயர்வு தருவார்கள். நான் லெக்சரராக இருந்து முழுப் பேராசிரியர் ஆனது அப்படித்தான். நடக்கப் போவதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டது.

மற்றபடி ஒவ்வொரு ஜனவரியிலும் தபாலாபீசுக்குப் போய், 'நான் இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறேன்' என்று அந்நியர் கார்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்நியன் என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரை வருஷம் லீவு கிடைத்தது. மனைவி மரகதத்தையும் மகள் வள்ளியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். வள்ளி இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். மரகதம் பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டிக்காரி. அவள் கொங்குப் பேச்சும் என் பேச்சும் இந்தப் பிள்ளையின் காதில் விழுந்து, இரண்டுமே வாயில் ஏறவில்லை.

நாட்டில் கால் வைத்ததுமே சுங்கச் சோதனையில் பிடித்துக்கொண்டார்கள். நான் படித்த கல்லூரிக்குக் கொடுக்க இரண்டு அழுத்தமானி கொண்டுபோயிருந்தேன். வட்ட முகம், உள்ளே முள், சுற்றிலும் எண்கள். அதிகாரி அதைக் கையில் எடுத்து, "கடிகாரம் கடத்துறீங்களா சார்?" என்றார். ஐயா, இது தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது என்றேன். காதில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, "ஓடலியே" என்றார். கடைசியில் ஓடாத கடிகாரம் என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

திண்டுக்கல்லில் ரயிலைவிட்டு இறங்கி, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பெரியண்ணன் வாசலில் நின்றிருந்தார். முடி நரைத்துப்போயிருந்தது. "ஏலே, வந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது. அவர் மனைவி, என் மதினி, காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என் பாழாய்ப்போன வாய், "தேங்க்ஸ் மதினி" என்று சொல்லிவிட்டது. மதினியின் முகம் சுண்டிப்போனது.

"ஏன் தம்பி, நான் என்ன காப்பிக் கடையா வச்சிருக்கேன்?"

காலில் விழாத குறையாகச் சமாதானம் சொன்னேன். பேச்சை மாற்றுவதற்காக, சின்னண்ணன் எங்கே, காணோமே என்று கேட்டேன். அண்ணன் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். மதினிதான் தலையைக் குனிந்துகொண்டே, "அவுக இப்ப அங்கிட்டு இருக்காக. பேச்சு வார்த்தை இல்லை" என்றாள். இத்தனை வருஷமாக வந்த கடுதாசி அத்தனையிலும் எல்லாரும் சுகம், சுகம் என்றுதான் இருந்தது!

4

மறுநாள் காலையில் கிணற்றுக்குப் போனேன். எட்டிப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

கிணற்றுக்கு நட்ட நடுவில் ஒரு சுவர். வடக்குப் பாறையிலிருந்து தெற்குப் பாறை வரைக்கும் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியிருந்தது. கிழக்குப் பாதியில், அதாவது கீழ்ப்புறம், இரண்டு ஆள் ஆழத்துக்குக் கருகருவென்று தண்ணீர். மேற்கே மேல்புறம் அடி மணல் தெரிந்தது. பெரியண்ணனின் மோட்டார்க் குழாய் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே கிணற்றில் இரண்டு மட்டத்தில் தண்ணீரா! எத்தனை வருஷம் தண்ணீரைப் பற்றிப் படித்தேன், என்னென்ன சோதனை செய்தேன், இப்படி ஒரு கூத்தை நான் கண்டதே இல்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழ்ப்புறக் கரையில் சின்னண்ணன் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகளை நிறுத்திவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். "எப்ப வந்த அப்பு? இளைச்சுட்டியே!"

"அண்ணே, இது என்னண்ணே?"

"சுவரு."

"சுவருன்னு எனக்கும் தெரியுது. கிணத்துக்குள்ள எவனாவது சுவர் வைப்பானா?"

அவர் சொன்ன கதை இதுதான். முன்பெல்லாம் ஒரு நாள் பெரியவர் முறை, மறுநாள் சின்னவர் முறை. இருவருமே கமலைதான். ஊருக்குக் கரண்ட் வந்ததும் பெரியண்ணன் மோட்டார் போட்டார். அவர் முறையன்றைக்கு மோட்டார் மணல் தெரிகிற வரைக்கும் உறிஞ்சிவிடும். மறுநாள் சின்னண்ணன் சால் இறக்கினால் சேறுதான் வரும். "உன் மோட்டாரு என் முறையையும் சேத்துக் குடிக்குது" என்று இவர் கத்த, "என் நாளுல இருக்கிற தண்ணிய நான் எடுக்கேன், உனக்கென்னலே" என்று அவர் கத்த, ஊர் கூடி, கிணற்றையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கோடையில் கிணறு வற்றியபோது திண்டுக்கல்லிலிருந்து மேஸ்திரி வந்து கட்டினாராம்.

"ஊத்துக்கண்ணு கீழ்ப்புறம்ல இருக்கு? அப்பப் பெரியண்ணனுக்குத் தண்ணி?"

சின்னண்ணன் திரும்பிப் போய் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பெரியண்ணனிடம் கேட்டேன். ஊற்று அந்தப் பக்கம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா மேல்புறத்தை எடுத்தே?"

"மூத்தவன் யாரு? நான். மூத்தவனுக்கு மேல்புறம். வீடு பிரிச்சாலும் சரி, காடு பிரிச்சாலும் சரி, நம்ம வழக்கம் அதுதான். ஊத்துக்காகக் கீழ்ப்புறம் போயி, அவனை மூத்தவனாக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

ஊற்று எங்கே என்று தெரியும். தண்ணீர் வராது என்றும் தெரியும். தெரிந்தே வறண்ட பாதியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்! ஊர்க்காரர்களும் சரிதான் என்று தலையாட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் கொஞ்சம் விழுந்ததை நம்பி வெங்காயம் நட்டுவிட்டார். அதுவும் தீர்ந்துபோய், மார்கழியில் பயிர் தாள் நுனி கருகிக்கொண்டு நின்றது. சுவரின் அடியில் ஒரே ஒரு குழாய் பதித்தால் போதும், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், நானே செய்து தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"அவன் பக்கத்துத் தண்ணி எனக்கு வேணாம்."

"அது அவன் தண்ணி இல்லண்ணே, பாறைக்குள்ள இருந்து வர்ற தண்ணி!"

"அவன்கிட்டக் கேட்டு வாங்குனா அவன் தண்ணிதான். பேசாமக் கிட."

5

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, பெரியண்ணனைத் தேடிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். உள்ளேயிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

அண்ணன் தன் பாதியை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். அதுவும் எங்கே? சுவரின் அடியில், அஸ்திவாரத்தை ஒட்டி! இடுப்பளவு குழி பறித்துவிட்டார். மறு பக்கம் அவர் தலைக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. படியில் விழுந்தடித்து இறங்கினேன். சுவர் முழுக்க வியர்த்திருந்தது. கல் இடுக்கு ஒன்றிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் அவர் தோளில் பீய்ச்சியது. அவர் அதைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக என்னைப் பார்த்தார்.

"பாத்தியாடா? கசியுது. இன்னும் செத்த நேரம் தோண்டுனா அடியால தானா வந்துரும். தானா வந்தா எடுத்துக்கிடலாம். அதை யாரும் கேட்டு வாங்குனதா ஆகாது."

அவர் திட்டம் அதுதான்! தம்பியிடம் கேட்கவும் கூடாது, தண்ணீரும் வேண்டும்.

"அண்ணே, ஏறி வா! சுவரு விழப் போகுது!"

"மேஸ்திரி கட்டுன சுவருடா."

"ரெண்டு பக்கமும் தண்ணி இருந்தப்ப நின்னுச்சு. இப்ப ஒரு பக்கம் காலி. அடியிலயும் நீ பறிச்சுட்ட. அம்புட்டுத் தண்ணியும் தள்ளுதுண்ணே! அது தாங்காது!"

"அவன் சொல்லி அனுப்புனானா?"

என்ன சொல்லியும் ஏறவில்லை. நான் மேலே ஓடினேன். கரையைச் சுற்றிக்கொண்டு சின்னண்ணனிடம் போய் அவர் கையைப் பிடித்தேன். உடனே பெரியவர் மோட்டார்க் குழாயை இந்தப் பக்கம் போட்டு இறைத்துவிடலாம், தண்ணீர் குறைந்தால் சுவர் நிற்கும், அண்ணன் உயிர் பிழைக்கும் என்றேன்.

"அவரு வந்து கேக்கட்டும்."

"அவரு கேக்க மாட்டாரு!"

"அப்ப நானும் தர மாட்டேன். நீ சொன்னா விழுந்துருமா அப்பு? நெருப்புன்னா வாய் வெந்துருமா?"

எனக்கு வந்த கோபத்தில் கண்மண் தெரியவில்லை. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி, கிணற்று மேட்டில் ஏறி நின்று கத்தினேன். "எல்லாரும் கேட்டுக்கங்க! இந்தச் சுவரு இன்னைக்கு விழும்! பொழுது சாயறதுக்குள்ள விழும்! விழலேன்னா நான் படிச்ச படிப்பெல்லாம் பொய்யி!"

பிறகு மறுபடியும் கீழே இறங்கி, குழிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதுகில் ஈரம் சில்லென்று ஏறியது.

"ஏலே, கிறுக்கா, மேல போ. புள்ளகுட்டிக்காரன்."

"நீ ஏறுனாத்தான் நான் ஏறுவேன்."

அவர் திட்டினார். மண்ணை அள்ளி என்மேல் போட்டார். நான் அசையவில்லை. கத்தல் கேட்டு அதற்குள் மரகதம் ஓடிவந்துவிட்டாள். மேலேயிருந்து, "ஏனுங்க! அங்க உக்காந்து என்னங்க பண்றீங்க? மேல வாங்க! மாமா, அவுங்களை மேல வரச் சொல்லுங்க மாமா!" என்று அழுதாள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. தம்பி பெண்டாட்டி நாலு பேர் முன்னால் கிணற்று மேட்டில் நின்று அழுவது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கடப்பாரையைத் தூக்கிக் குழிக்குள் எறிந்துவிட்டுப் படியேறினார். நான் பின்னாலேயே ஏறினேன். உயிர் திரும்ப வந்தது.

6

மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தோம். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பிசைந்துகொண்டிருந்தார். மதினி வெஞ்சனம் வைக்கக் குனிந்தாள். அப்போது தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தொடர்ந்து சின்னண்ணனின் மாடுகள் கத்திக்கொண்டு தெரு வழியாக ஓடின.

எச்சில் கையோடு ஓடினோம். சுவர் இல்லை. அண்ணன் நின்று தோண்டிய குழி இருந்த இடத்தில் கல்லும் சிமெண்டுப் பாளமும் மலைபோலக் கிடந்தன. அதைச் சுற்றிலும் கலங்கல் தண்ணீர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே மட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். இத்தனை வயசுக்கு அப்படி அழுததில்லை. என் அண்ணன் உயிரோடு இருக்கிறார்! நான் படித்தது எதற்கு உதவியதோ இல்லையோ, இதற்கு உதவியதே!

அண்ணன் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. விறைத்துப்போய் நின்றார். கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "பொழுது சாயறதுக்குள்ளன்னாரு. சாயறதுக்குள்ள விழுந்துருச்சே."

"வாக்கு அப்படியே பலிச்சிருச்சு."

"கரிநாக்கு."

எனக்கு முதலில் அது யாரைச் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. அண்ணன் என் கையை எடுத்து விலக்கினார்.

"உன் வாயாலதானடா விழுந்துச்சு. அழுத்தமா நின்ன சுவரு. நீ மேட்டுல ஏறி நின்னு விழும் விழும்னு கத்துன. விழுந்துருச்சு."

"அண்ணே! விழும்னு தெரிஞ்சதாலதான் சொன்னேன்!"

"விழுறதுக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை இங்கே கேட்டால் நான் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன். அங்கே யாரிடம் எடுப்பது? உதவிக்குச் சின்னண்ணனைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். "நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அப்பு. நிக்கும்னு சொல்லியிருந்தா நின்னுருக்கும்ல."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பெரியண்ணனும் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று இருவரும் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பக்கம் புடி" என்றார் பெரியவர். "நீ அலுங்காம இருண்ணே, நான் தூக்குறேன்" என்றார் சின்னவர். சுவர் வைத்த பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று மதினி பிறகு சொன்னாள். நான் இறங்கி உதவப் போனேன். ரெண்டு பேரும் ஒரே குரலில், "நீ இங்கிட்டு வராத" என்றார்கள்.

7

அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். சுவர் வேண்டாம், பழையபடி முறையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மோட்டார் முறைக்குப் பாதி நேரம்தான் ஓடும் என்று தாங்களே பேசி முடித்துக்கொண்டார்கள். வெங்காயம் பிழைத்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான், நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனால் நான் வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தெருவில் போனால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் என்னைக் கண்டதும் ஓடிவந்து மறித்தார். "தம்பி, எட்டிப் பாக்க வேணாம்" என்றார். பிறகு ஏதோ யோசித்து, "இல்லாட்டி ஒண்ணு செய்யுங்க, தண்ணி வரும்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க" என்று கும்பிட்டார். வரும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வள்ளிதான் தாங்க முடியாமல் போனாள். பெரியப்பா பிள்ளைகள் அவளோடு விளையாட வரவில்லை. "அப்பா சொன்னது சரிதானே? சரியாகச் சொன்னால் ஏன் கோபம்?" என்று இங்கிலீஷில் கேட்டுக் கேட்டு அழுதாள். இத்தனை வருஷம் நானும் மரகதமும் தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்தும் ஏறாத தமிழில், அந்தப் பயணத்தில் அவள் வாயில் சுத்தமாக ஏறிய ஒரே சொல் கரிநாக்கு. இங்கே திரும்பி வந்த பிறகு, சைக்கிள் விடக் கற்றுக்கொண்டிருந்தாள். பார்த்து ஓட்டு, விழுந்துவிடுவாய் என்று சொல்ல வாயெடுத்தேன். "சொல்லாதீங்க, சொல்லாதீங்க!" என்று தமிழில் அலறினாள். என் மகளே! நான் உள்ளே போய்விட்டேன்.

லீவு முடியும் முன்னாலேயே கிளம்பினோம். வாசலில் கார் வந்து நின்றது. பெரியண்ணன் வாசலுக்கு வந்தார், ஆனால் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டார். மதினி ஒரு கையில் உப்பும் காய்ந்த மிளகாயும், மறு கையில் நெருப்புச் சட்டியும் கொண்டுவந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தூரம் போகிறவர்களுக்குச் சுற்றிப் போடுவது நம் வழக்கம்தானே! மரகதத்தையும் வள்ளியையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, வாங்க மதினி என்று தலையைக் குனிந்தேன்.

மதினி எங்களைத் தாண்டிப் போனாள். அண்ணனுக்கு முன்னால் போய் நின்று, அவர் தலையைச் சுற்றி மூன்று முறை சுற்றினாள். என் கண்ணும் என் நாக்கும் அவரை ஒன்றும் செய்துவிடக் கூடாதென்று! சுற்றிவிட்டு நெருப்பில் போட்டாள். உங்களுக்குத் தெரியும், கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது. நெடி வந்து இருமினால் ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். எல்லாரும் அண்ணனையே பார்த்தார்கள்.

புகை குப்பென்று கிளம்பியது. வள்ளி இருமினாள், மரகதம் இருமினாள். எனக்குக் கண்ணும் மூக்கும் கொட்டியது. டிரைவர் இருமிக்கொண்டே காரின் கண்ணாடியை ஏற்றினார். அண்ணன் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். முகம் சிவந்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"நெடியே வரல பாருங்க" என்றாள் மதினி எல்லாருக்கும் கேட்கும்படி.

"அண்ணே, இருமுண்ணே!" என்று நான் கத்தினேன். "உன் கால்ல விழுறேன், ஒரே ஒரு தடவை இருமிருண்ணே!"

மரகதம் என்னை இழுத்துக் காருக்குள் ஏற்றினாள். கார் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தெரு முக்குத் திரும்பும் வரைக்கும் அவர் இருமவில்லை.